சும்மா பேச்சுதான் என்று சொல்லச் சொன்னார்கள்

பெட்டியில் என்னென்ன வைக்கலாம், குக்கருக்கு மாற்று வளையம் கொண்டுபோக வேண்டுமா, பேராசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதைக் குறைவாகாதா, அறையில் கூட இருப்பவள் தன் பால் பாட்டிலில் பேர் எழுதி ஒட்டினால் கோபித்துக்கொள்ளலாமா... இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல உங்களுக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். அதற்கு நான் தேவையில்லை. வெளிநாட்டுக்குப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் இந்த அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசுங்கள் என்று கேட்டபோது, ஒரே ஒரு சாயங்காலத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அன்றைக்கு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "ஆமாம்" என்று நான் சொல்லியிருந்தால் அறையில் இருந்த எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நான் அமெரிக்காவில் படித்தவள் இல்லை. ஓய்வு பெறும்வரை அந்த நாட்டை நேரில் பார்த்ததும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பாளையங்கோட்டையில் இதே மாடியில் உட்கார்ந்து, அங்கே போன பிள்ளைகள் போனில் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்ததில்லை என்றாலும், பயணத்துக்கு முன்னால் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்ததால் எல்லோருக்கும் நான் "டீச்சர்". அலுவலகத்தை நடத்தியவர் எங்கள் எல்லோருக்கும் "அண்ணாச்சி". அந்த நாளில் நாங்கள் இருவரும்தான் இங்கே.

இசக்கியம்மாள் சீவலப்பேரிப் பெண். அப்பா சுடலைமுத்து கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். அம்மா பேச்சியம்மாள் வீட்டு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் வெளிநாட்டுக்குப் போன முதல் ஆள் இசக்கிதான். வகுப்பில் வாயைத் திறக்க மாட்டாள். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவாள், ஆனால் எழுதச் சொன்னால் எல்லாம் சரியாக இருக்கும். அப்பா, அம்மா இருவருக்கும் ஆங்கிலம் வராது என்பதால், பல்கலைக்கழகத்தில் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள் என்று என் பேரையும் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். எனக்கு அது அப்போது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாள் அது. மணிமுத்தாறு அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டிருந்ததால் ஆற்றில் நல்ல வெள்ளம். விளக்கு வைக்கிற நேரத்தில் சுடலைமுத்துவும் பேச்சியம்மாளும் நனைந்துகொண்டே மாடியேறி வந்தார்கள். அவர் கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை.

"டீச்சர், எம் மவள போலீஸ் பிடிச்சிட்டுப் போயிட்டாம்லா" என்றார் வாசலில் நின்றபடியே.

அங்கே படிக்கிற வேறொரு தமிழ்ப் பையன் தன் நண்பர்களுக்கு அனுப்பிய செய்தி, எப்படியோ சுற்றி இவர்கள் தெருவுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. இசக்கியின் அறைக்குப் போலீஸ் வந்தது, அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது, அவ்வளவுதான் தெரியும். காலையிலிருந்து அவள் போன் எடுக்கவில்லை.

நான் அவர்களை உட்காரச் சொல்லி, பல்கலைக்கழகத்துக்குப் போன் போடலாம் என்று எடுக்கும்போதே மணி அடித்தது. கூப்பிட்டது அங்கே அயல்நாட்டு மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்து அம்மாள், டயான். நான் அவரோடு முன்பே சில தடவை பேசியிருக்கிறேன். எப்போதும் வானிலையில் தொடங்குகிறவர் அன்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்தார்.

நடந்தது இது. முந்தைய நாள் சாயங்காலம் ஆய்வுக்கூடத்தில் கூட வேலை செய்யும் ஒரு பெண் இசக்கியிடம் "என்ன, ஒரு மாதிரி இருக்கிறாய்?" என்று கேட்டிருக்கிறாள். இவள் சிரித்துக்கொண்டே, "ஆற்றில் போய் விழுந்துவிடலாம் என்று இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். அந்த வளாகத்துக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு ஆறு ஓடுகிறது. அந்தப் பெண் பயந்துபோய்ச் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டாள். போலீஸ் வந்து, "இப்படிச் சொன்னாயா?" என்று கேட்டது. இசக்கி எழுந்து நின்று, "எஸ் சார்" என்றாள். "ஏதாவது பிளான் வைத்திருக்கிறாயா?" என்று கேட்டது. அதற்கும் "எஸ் சார், ஐ ஹேவ் எ பிளான்" என்றாள். உடனே ஆஸ்பத்திரி. ராத்திரி முழுக்கக் கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள். இப்போது டாக்டர் முடிவெடுக்க வேண்டும், மனநலப் பிரிவில் சேர்ப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று.

"டாக்டர் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார்" என்றார் டயான். "உங்கள் ஊரில் இது சாதாரணமாகச் சொல்கிற பேச்சுதானா?"

நீங்களே சொல்லுங்கள், நம் பக்கத்தில் அந்தப் பேச்சு இல்லாத வீடு உண்டா? பால் பொங்கி வழிந்தால் ஆத்துல விழுதேன். பஸ்ஸை விட்டுவிட்டால் ஆத்துல விழுதேன். மாப்பிள்ளை வீட்டார் சட்டினி சரியில்லை என்றால் அதற்கும் ஆத்துல விழுதேன். அதைக் கேட்டு யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 'ஆமாம்' என்ற சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அது பொய்யும் இல்லை.

"ஒரு நிமிஷம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனைக் கையால் பொத்திக்கொண்டேன். விஷயத்தைச் சுருக்கமாக மற்றவர்களுக்குச் சொன்னேன்.

சுடலைமுத்து ஆசுவாசமாக மூச்சு விட்டார். "இவ்வளவுதானா? இதுக்கா போலீசு? சும்மா பேச்சுன்னு சொல்லிருங்க டீச்சர். எங்க ஊர்ல அதச் சொல்லாத ஆளு யாரு இருக்கா?"

அண்ணாச்சியும் குனிந்து என் பக்கம் வந்தார். "சொல்லிருங்கம்மா. பிள்ள கோட்டி ஆஸ்பத்திரில பைத்தியங்களோட கெடந்தாளாம்னு நாளைக்கு ஊரு பூராப் பேசும். கல்யாணம் காச்சின்னு இருக்குல்லா. விசா வேற என்ன ஆகுமோ. ஒரு வார்த்தைதான, சொல்லிருங்க."

பேச்சியம்மாள் ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே இருந்தார். யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "கொஞ்ச நாளா அவ போன்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசுதா. எம் மவ அப்படிச் சிரிக்கக்கூடிய பிள்ள இல்ல."

"நீ சும்மா கெட. சிரிச்சா சந்தோசமா இருக்கான்னு அர்த்தம்" என்றார் சுடலைமுத்து.

நான் போனிலிருந்து கையை எடுத்தேன். "உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் அவளோடு பேச வேண்டும். தமிழில். முடியுமா?" என்று டயானிடம் கேட்டேன். அவர் டாக்டரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கினார். டாக்டரும் ஒரு பெண்தான். மொழிபெயர்க்கும் ஆள் ஒருவரை ஏற்கெனவே போனில் பிடித்துப் பேசிப் பார்த்திருக்கிறார்கள். இசக்கி அவரிடமும் "ஐ ஆம் ஃபைன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

எதிரே நிற்பவர்கள் காதில் அவள் குரல் விழக்கூடாது என்று போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டேன்.

"இசக்கி, டீச்சர் பேசுதேன்."

"டீச்சர், நான் நல்லா இருக்கேன். ஒண்ணும் இல்ல டீச்சர். இவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க." ஒரே மூச்சில் ஒப்பித்தாள். கடைசியில் ஒரு சிரிப்பு. அவள் அம்மா சொன்ன சிரிப்பு அதுதான்.

நல்லா இருக்கியா என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் பதில் வரும். அதனால் நான் வேறு இடத்தில் தொடங்கினேன்.

"அங்கன ஆறு இருக்காமே?"

"இருக்கு டீச்சர். ஹாஸ்டலுக்குப் பின்னாடி."

"நீ அங்கன போவியா?"

"சாயங்காலம் போவேன். தண்ணியப் பாத்துக்கிட்டு நிப்பேன். நம்ம ஊர்ல மாதிரிச் சத்தமே இருக்காது டீச்சர். துணி தொவைக்கக்கூட யாரும் வர மாட்டாங்க."

"நேத்துப் போனியா?"

மழை நாளில் இங்கே லைன் அடிக்கடி அறுந்துபோகும். அவள்தான் பேசாமல் இருக்கிறாளா, இல்லை தொடர்பு போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. "ஹலோ" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். பேசாமல் இருக்கிறாள் என்றால், அந்த 'ஹலோ' அவளைக் கலைத்துவிடும். சுடலைமுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அறைக் கோடி ஜன்னலுக்குப் போய், என் பேச்சு அவர் காதில் விழாதபடி மழைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"போனேன் டீச்சர்" என்றாள்.

"போயி?"

"ஷூவக் கழட்டுனேன்."

ஆற்றில் இறங்குகிறவர்கள் செருப்பைக் கரையில் விடுவது நம் பழக்கம். ஆனால் அந்த ஊரில் பனிக்காலம் தொடங்கியிருந்தது. தண்ணீரை வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் அந்தக் குளிரில் காலை வெறுமையாக்க மாட்டார்கள்.

உங்களுக்குச் சொல்கிறேன். அந்த இடத்தில் கேள்வியைச் சுற்றி வளைக்காதீர்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்று பயப்படவும் வேண்டாம். இருக்கிற எண்ணத்தை இறக்கி வைக்கத்தான் அவர்களுக்கு இடமில்லாமல் இருக்கும். நான் நேராகவே கேட்டேன். மழைச் சத்தத்துக்குள் தாழ்ந்த குரலில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"சாகணும்னு நெனச்சியாம்மா?"

"கொஞ்ச நேரம் நெனச்சேன். பெறகு பயமாயிட்டு. திரும்பி வந்துட்டேன்." அதன் பிறகுதான் அழுதாள். விம்முகிற மூச்சு மட்டும்தான் கேட்டது.

பைய ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் "புரிந்ததா?" என்று கேட்கும்போதெல்லாம் இவள் தலையை ஆட்டியிருக்கிறாள். புரியவில்லை என்று சொன்னால் அவரை அவமதித்ததாகிவிடும் என்று நினைத்திருக்கிறாள். அப்படிப் புரியாமலே செய்ததில் ஒரு பெரிய வேலை கெட்டுப்போனது. முந்தைய நாள் மத்தியானம் பேராசிரியர் அவளை அழைத்து, புன்னகையோடு, "இந்த ஆய்வுக்கூடம் உனக்குச் சரியான இடமா என்று நீ யோசிக்கலாம்" என்றாராம்.

"அவரு ஏசியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் டீச்சர். அப்பா ஏசுவாக, சாயந்தரம் சரியாயிரும். இவரு ஏசவே இல்ல. சிரிச்சுக்கிட்டே சொல்லுதாரு. எனக்கு என்ன செய்யணும்னே தெரியல."

பிறகு அவளே கேட்டாள். "டீச்சர், சும்மா பேச்சுன்னு சொல்லிருங்க. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். என்ன வெளிய விட்டாப் போதும், லேப்ல போயி எல்லாத்தையும் சரி பண்ணிருவேன்."

ஆக, அந்த அறையில் இருந்தவர்களும் கடலுக்கு அப்பால் இருந்தவளும் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான். நான் சொல்கிற ஒரு வார்த்தையில் அவள் ஒரு மணி நேரத்தில் அறைக்குத் திரும்பிவிடுவாள். அந்த அறைக்குப் பின்னால் ஆறு. எல்லோரையும் பகைத்துக்கொண்டு அவளை அங்கேயே இருக்கச் சொல்ல நான் யார்? நான் டாக்டர் இல்லை, உறவும் இல்லை. அந்தக் கேள்வி அன்றைக்கு எனக்கு நிஜமாகவே வந்தது. ஆனால் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, தெரியாதவள் மாதிரி பதில் சொல்ல எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.

"இசக்கி, நான் பொய் சொல்ல மாட்டேன். ஒன்னக் கேக்காம ஒன் கதையையும் சொல்ல மாட்டேன். நீயே டாக்டரம்மாட்டச் சொல்லு. தமிழ்ல சொல்லு, நம்ம ஊர்த் தமிழ்லயே சொல்லு. நான் ஒண்ணு விடாம இங்கிலீஷ்ல சொல்லுதேன். நீ நிறுத்தச் சொன்னா நிறுத்திருவேன்."

"விசா போயிருமா டீச்சர்?"

அதை டயானிடம் கேட்டேன். அவர் தெளிவாகச் சொன்னார். உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் இருப்பது குற்றம் இல்லை. டாக்டர் பரிந்துரைத்தால் பாடங்களைக் குறைத்துக்கொள்ளலாம், அதற்கான வேலையைத் தாமே செய்வதாகவும் சொன்னார். இசக்கியிடம் அதை அப்படியே சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, சொல்லுதேன்" என்றாள்.

முதலில் நான் டாக்டரிடம் இரண்டு விஷயங்களைச் சொன்னேன். அவள் சொன்ன அந்த வாக்கியம் எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வது, அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். பிளான் இருக்கிறது என்று அவள் சொன்னது படிப்பைப் பற்றி, ஏனென்றால் அவளுடைய படிப்பு ஆலோசகர் பார்க்கும்போதெல்லாம் "உன் பிளான் என்ன?" என்றுதான் கேட்பாராம். "ஆனால் இதற்கு மேல் இருக்கிறது. அதை அவளே சொல்வாள்" என்றேன்.

அவள் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். அவளுடைய அப்பா, அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாதது அன்றைக்கு ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. அண்ணாச்சிக்கு மட்டும் புரிந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கடைசிவரை குறுக்கே பேசவில்லை. "இதைச் சொன்னதற்கு நன்றி என்று அவளிடம் சொல்லுங்கள்" என்றார். சில நாட்கள் அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

போனை வைப்பதற்கு முன்னால் இசக்கியிடம் கேட்டேன், வீட்டில் என்ன சொல்லட்டும் என்று. "அம்மாட்ட மட்டும் சொல்லுங்க. அம்மா பாத்துக்கிடும்" என்றாள்.

சுடலைமுத்துவிடம், மகள் ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்கிறாள், டாக்டர் பார்த்துக்கொள்கிறார், சில நாள் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் வெடித்தார்.

"நீங்க சும்மா பேச்சுன்னு சொல்லலியா? இவ்வளவு நேரம் அப்பம் என்னத்தப் பேசுனிய? ஒரு வார்த்த சொன்னா விட்டுருப்பாங்கல்லா? எம் புள்ளயக் கோட்டி ஆஸ்பத்திரில தள்ளிட்டியளே!" மேசையை அடித்தார். "ஒங்கள நம்பி அனுப்புனேன் பாத்தியளா, என்னச் சொல்லணும்."

காரணத்தைச் சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே அவர் அடங்கிவிடுவார். சொல்லத் துடித்தது. ஆனால் அது என்னுடையது இல்லை, இசக்கியுடையது. ஏச்சை வாங்கிக்கொண்டு நின்றேன்.

பேச்சியம்மாளைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கீழே தெருவில் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என்னால் முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பம் பக்கத்துல ஆளு இருக்கா?"

"எந்நேரமும் இருப்பாங்கம்மா."

"அப்பம் அங்கனயே இருக்கட்டும் டீச்சர். அவ அப்பாட்ட நான் நேரம் பாத்துச் சொல்லிக்கிடுதேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், "வாங்க, பஸ்ஸு போயிரும்" என்று கணவரைக் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

இசக்கி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதற்குப் பிறகு டயான் அவளுக்குப் பாடங்களைக் குறைத்துக் கொடுத்தார். வேறு ஆய்வுக்கூடத்துக்கு மாறினாள். புரியவில்லை என்று சொல்ல ஒரு மனநல ஆலோசகரோடு உட்கார்ந்து பழகினாளாம். கொஞ்சம் தாமதமாகப் படிப்பை முடித்து, இப்போது அங்கேயே வேலையில் இருக்கிறாள். என்னோடு அதிகம் பேசமாட்டாள். அதுவும் நியாயம்தான். தன் மோசமான நாளைப் பார்த்தவளை யாருக்குத்தான் அடிக்கடி பார்க்கத் தோன்றும்?

சுடலைமுத்து கங்கைகொண்டான் முழுக்க எங்களைப் பற்றிக் குறை சொல்லிவிட்டார். அந்த வருஷம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளையும் எங்களிடம் வரவில்லை. ஏற்கெனவே சேர்ந்திருந்த சிலரும் வேறு இடத்துக்குப் போனார்கள். அண்ணாச்சிக்கு அது பெரிய அடி. ஆனால் ஒரு நாள்கூட அதை அவர் என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இந்த வேலையில் கிடைத்ததில்லை.

நீங்கள் உட்காரப் போகிற நாற்காலிக்கும் இப்படி ஒரு போன் வரும். ஒரு வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். உங்களுக்கு அர்த்தம் தெரிந்திருக்கும், உடனே சொல்லிவிடலாம் போல இருக்கும். சொல்லுங்கள், ஆனால் அதைச் சொன்னவரிடம் முதலில் பேசிவிட்டுச் சொல்லுங்கள். உங்களுக்கும் பயமாக இருந்தால் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

பல மாதங்கள் கழித்து ஒரு நாள் காலையில், நான் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தேன், போன் வந்தது. பேர் சொல்லாமல் பேசினாலும் குரல் தெரிந்துவிட்டது. சுடலைமுத்து.

"டீச்சர், எங்கூட வேல பாக்குறவரு மவன் ஒருத்தன் அங்க படிக்கான். ரூம விட்டே வெளிய வர மாட்டேங்கானாம். அவங்க அப்பா இங்கனதான் நிக்காரு. நீங்க அவங்கிட்டப் பேசுதியளா?"

"பேசுதேன். நம்பரக் குடுங்க."

நம்பரைச் சொன்னார். பிறகும் வைக்கவில்லை. பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. அங்கிருந்து கொஞ்சம் நகர்ந்து நின்றிருப்பார் போல, சத்தம் குறைந்தது.

"உள்ளத உள்ளபடி கேளுங்க" என்றார். "பெறகு இவரு ஒங்களச் சத்தம் போடுவாரு. நானும் போட்டேன். அதக் காதுல வாங்காதிய."